முன்கட்டையைக் கழற்றிய பிறகு தெரிந்தவை

முன்கட்டை:

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கப் போய் ஏமாந்த கதையும், கடைசி நிமிடத்தில் தப்பிய கதையும் நம் எல்லோரிடமும் இருக்கும். சரி, நம் மன்றத்தில் இந்தத் திரியை நானே தொடங்கி வைக்கிறேன்.

என் கையில் வந்தது ஒரு பார்க்கர் டி.எச்.இ., 20 போர் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு; எண் கூடினால் குழல் சிறிது). பழக்கமில்லாதவர்களுக்காக: டி என்பது தரம், எச் என்றால் வெளியே சுத்தியல் இல்லாதது, இ என்றால் சுட்ட தோட்டாவைத் தானே வெளியே தள்ளும் எஜெக்டர் உள்ளது. பார்க்கர் சகோதரர்கள் கனெக்டிகட் மாநிலம் மெரிடனில் செய்த துப்பாக்கிகள் ஏறத்தாழ 2,40,000. அவற்றில் பெரும்பகுதி ட்ரோஜன், வி, ஜி போன்ற எளிய தரங்கள், அதுவும் 12 போர். சின்ன போரில் உயர்ந்த தரம் என்றாலே கை நடுங்கும். பொய் செய்பவருக்கும் அது தெரியும்.

பார்த்தவுடன் மயக்கியது நிறம்தான். எலும்புக்கரியில் வைத்துச் சூடேற்றிக் கடினமாக்கிய இரும்பில் வரும் அந்த நீலம், வைக்கோல் மஞ்சள், பழுப்பு எல்லாம் நேற்றுப் பூத்தது போல இருந்தன. ஆனால் பிடியில் வெட்டியிருந்த கட்டங்கள் கை பட்டுப் பட்டு மழுங்கிக் கிடந்தன. இது எப்படி? மரத்தைத் தேய்த்த அதே கைதானே இரும்பையும் தேய்த்திருக்க வேண்டும்? உண்மையில் புழங்கிய துப்பாக்கியில், தூக்கிச் செல்லும்போது உள்ளங்கை படும் அடிப்பகுதி முதலில் சாம்பலாகிவிடும். துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்புகோலுக்கு அடியிலும், குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டை மூடியிருக்கும் இடத்திலும்தான் நிறம் ஒளிந்துகொண்டிருக்கும். இதில் எல்லா இடத்திலும் ஒரே மினுமினுப்பு.

குழலைக் கழற்றினேன். குழலிலும், ஆக்‌ஷன் எனப்படும் பொறி உள்ள இரும்பு உடலிலும், முன்கட்டை இரும்பிலும் ஒரே வரிசை எண், அது சரி. அடுத்து, தரத்தைக் காட்டும் குத்து முத்திரை இருக்கும் தட்டையான பரப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். அங்கே மட்டும் லேசான பள்ளம். விரலால் தடவினால் தெரிகிற அளவு. அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரு வி எழுத்தின் நிழல் மாதிரி ஏதோ இருந்தது, அல்லது நான் அப்படி விரும்பினேன்.

அப்புறம் தோளில் வைக்கும் கட்டையின் பின்முனை. டி தரத்தில் நடுவே மரம் தெரியும்படி ஓரத்தில் மட்டும் எஃகுச் சட்டம் பதித்திருப்பார்கள். இதிலும் இருந்தது. ஆனால் சட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழைந்தது. மெரிடனில் வேலை பார்த்தவர்கள் அப்படி விட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

பார்க்கரின் பழைய கணக்குப் புத்தகங்கள் பெருமளவு தப்பிப் பிழைத்திருக்கின்றன. பார்க்கர் சேகரிப்போர் சங்கம் அவற்றைப் பார்த்துக் கடிதம் தருகிறது. வரிசை எண்ணை அனுப்பினேன். பதில் வந்தது: வி.எச்.இ. அவ்வளவுதான் கதை. பின்னால் யாரோ ஒரு நல்ல பொறிப்புக் கலைஞர் நாயும் பறவையும் வெட்டி டி ஆக்கியிருக்கிறார். வேலை மோசமில்லை என்பதுதான் கொடுமை.

நான் வாங்கவில்லை. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

இருபத்தாறு அங்குலம்:

அண்ணே, உங்களுடையது தப்பித்த கதை. என்னுடையது மாட்டிய கதை.

ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெர்லிங்வொர்த், 12 போர், குழல் 26 அங்குலம். ஃபாக்ஸ் தன் பட்டியலில் இந்த நீளத்தைப் புதர்க்காட்டு வேட்டைக்கான வடிவமாகத் தனியாகவே விற்றது. ‘அபூர்வம், விட்டால் கிடைக்காது’ என்றார் விற்றவர். நானும் அளவுநாடா வைத்துப் பார்த்தேன், சரியாக 26. பணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஆற அமர உட்கார்ந்து முனையைப் பார்க்கும்போதுதான் உறைத்தது. தொழிற்சாலையில் செய்த குழல்கள் இரண்டும் முனையை நோக்கி மெலிந்து, நெருங்கி, கடைசியில் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும். என்னுடையதில் இரண்டுக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி, அதில் ஈயப் பற்றை நிரப்பிக் கறுப்பு பூசியிருந்தார்கள். 30 அங்குலமாகப் பிறந்ததை யாரோ நான்கு அங்குலம் அறுத்திருக்கிறார்கள். அறுத்தால் சோக், அதாவது முனையில் துளை சற்றே குறுகும் இடம், போய்விடும் அல்லவா, உள்விட்டம் அளக்கும் கருவியை விட்டுப் பார்த்தபோது முனைவரை ஒரே அளவு, நெருக்கமே இல்லை.

நீளத்தை அளந்த நான் முனையைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு நொடி வேலை.

வால்நட்:

26 வந்தது கூட அறுத்தவரின் சாமர்த்தியம். பெரும்பாலும் இருபத்தேழே முக்கால் என்று ஏதாவது விநோத அளவில் நிற்கும், அப்போதே சந்தேகம் வந்துவிடும்.

பார்க்கரில் இன்னொரு வழி இருக்கிறது. முழுதும் இழைத்து முடிக்காத நிலையில் குழல்களின் எடையைக் குழலின் அடியிலேயே குத்தி வைத்திருப்பார்கள். குழலை மட்டும் தராசில் வையுங்கள். முத்திரையைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் இயல்பு. நிறையக் குறைந்தால் அறுத்திருக்கிறார்கள், அல்லது உள்ளே துருப்பள்ளத்தை எடுக்கக் கடைந்து சுவரை மெல்லியதாக்கியிருக்கிறார்கள். 12 போரின் பெயரளவு விட்டம் .729 அங்குலம். அதைவிட மிகப் பெரிதாக அளவு காட்டினால் வெளிப்பளபளப்பை மறந்துவிட்டுச் சுவர்த்தடிமனை அளக்கச் சொல்லுங்கள்.

கட்டையைப் பற்றி ஒரே வரி: புதிதில் மரம் இரும்பைவிட மயிரிழை உயர்ந்து நிற்கும். இரும்பின் விளிம்பு மரத்துக்கு மேலே துருத்தினால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

பளபளப்பு:

என்னிடம் ஒன்று இருந்தது, குழல் கண்ணாடி மாதிரி கருநீலம். ஒரு வருடத்தில் இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டை கழன்றுகொண்டது. அந்தக் காலக் குழல்களை ஈயப் பற்றால் ஒட்டியிருப்பார்கள்; துருவை மெதுவாக ஏற்றித் தேய்த்துத்தான் கறுப்பாக்குவார்கள். பின்னால் வந்த கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கினால் அந்தக் கலவை பற்றையே தின்றுவிடும். இப்போதெல்லாம் குழலை விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்டிக் கேட்காமல் வாங்குவதில்லை. மணி மாதிரி ஒலித்தால் சரி. ‘டொக்’ என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

லியேஜ் மாப்பிள்ளை:

சிரிக்காமல் படியுங்கள். எனக்குத் தெரிந்த முதல் இங்கிலாந்துத் துப்பாக்கி பெல்ஜியத்தில் பிறந்தது.

பூட்டுத் தகட்டில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று இருந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனம் என்றே நினைத்துக்கொண்டேன். வெளியே சுத்தியல், டமாஸ்கஸ் குழல், அருமையான நெளிநெளிக் கோலம். முன்கட்டையைக் கழற்றிய ஒரு பெரியவர் ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். வெளியே தெரிகிற பகுதியில் மட்டும்தான் கோலம். மறைந்த இடத்தில் வெறும் எஃகு. உண்மையான டமாஸ்கஸில் இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்துக் குழலாக்குவார்கள், அதனால் கோலம் உலோகத்துக்குள்ளேயே ஓடும், எங்கே தேய்த்தாலும் வரும். இது மேலே அச்சடித்தது.

குழலின் அடியில் நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் துப்பாக்கிச் சோதனைச் சாலையின் முத்திரை. பெரிய பெயர்களை ஓர் எழுத்து மாற்றியும் முன்னெழுத்தை மாற்றியும் பொறித்து அங்கிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆகியிருக்கிறது. பெயரை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம், முத்திரை போடுவது அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலை. அன்றிலிருந்து முத்திரையைத்தான் முதலில் படிக்கிறேன், பெயரைக் கடைசியில். பர்மிங்காம் என்றால் மகுடமும் குறுக்கே போட்ட செங்கோல்களும். ‘நாட் ஃபார் பால்’ (ஒற்றைக் குண்டுக்கு அல்ல) என்று இருந்தால் சோக் உள்ள குழல், 1875க்குப் பிறகான சில ஆண்டுகள்.

அந்தத் துப்பாக்கி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, சுவரில்.

வால்நட்:

மாப்பிள்ளைக்குப் பரிசு உண்டு, சுவருக்கு அழகு.

சூப்பர் ஃபாக்ஸ் ரசிகன்:

எதிர்த்திசையில் ஒன்று சொல்கிறேன். அபூர்வத்தைக் குறை என்று நினைத்து விட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஃபாக்ஸின் எச்.இ. தரம், சூப்பர் ஃபாக்ஸ் என்பார்கள். தொலைதூர வாத்து வேட்டைக்காகக் கனமான குழல், பலவற்றில் 3 அங்குலத் தோட்டா அறை. அவற்றில் சில குழல்களில் ‘உத்தரவாதம் இல்லை, சீட்டைப் பார்க்கவும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் குத்தியிருக்கும். என் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துக் கழித்துக்கட்டிய குழல் என்று முடிவு செய்து திருப்பிக் கொடுத்துவிட்டார். தேடுகிறவர்கள் அந்த எழுத்துக்காகவே தேடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கு!

‘அசல்’ என்பதற்கும் ஒரு எல்லை உண்டு என்பேன். எழுத்தாளர் நாஷ் பக்கிங்காமின் ‘போ-வூப்’, பர்ட் பெக்கர் குழல் செய்த ஃபாக்ஸ், 1948இல் காரின் மேல் வைத்தபடியே மறந்து ஓட்டிச் சென்றதில் தொலைந்தது. பல பத்தாண்டுகள் கழித்துக் கட்டை உடைந்த நிலையில் வெளிப்பட்டு 2010இல் ஏலம் போனது. புதுக் கட்டை போட்டதால் யாராவது அதை வேண்டாம் என்றார்களா?

முன்கட்டை:

போ-வூப்பை உதாரணமாகக் காட்டித்தான் எல்லா ஒட்டுவேலையையும் விற்கிறார்கள், நண்பரே! அதில் கட்டை மாறியது எல்லோருக்கும் தெரியும், மறைக்கவில்லை. புதுப்பித்ததைச் சொல்லி விற்றால் எனக்கும் சண்டை இல்லை. பழைய குழலின் அடிப்பகுதியில் புதுக் குழாய் நுழைத்த இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் அதைக் குழலிலேயே குத்தி வைக்கிறார்களே, அந்த நேர்மை போதும். தொழிற்சாலைக்கே திரும்பிப் போய் மாற்றம் செய்துகொண்டு வந்த பார்க்கர்களும் உண்டு. கணக்கில் இருந்தால் அதுவும் அதன் வரலாறுதான்.

போன மாதம் ஒரு வி.எச். வந்தது. நிறமே இல்லை, முழுக்கச் சாம்பல். திருகுகளின் வெட்டுகள் மட்டும் எல்லாம் குழலின் திசையிலேயே, ஊசி மாதிரி மெல்லியதாக, ஒரு திருப்புளியும் படாமல் நின்றன. கடிதம் வரவழைத்தேன். ஆர்டர் கொடுத்தவர் கேட்ட கட்டை நீளம் 14¼ அங்குலம் என்று இருந்தது. விசையிலிருந்து கட்டையின் கடைசி வரை நாடாவைப் பிடித்தேன். 14¼.