கணுப்பிடி, பொங்கல்படி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வடிவீசுவரம் மாமி:
வடக்கே ஆவணிப் பௌர்ணமிக்கு ராக்கி கட்டுகிறார்கள். நமக்குக் கூடப்பிறந்தவனை நினைக்கிற நாள் தை 2, மாட்டுப்பொங்கல் காலை. கூடப்பிறந்தவன் நல்லா இருக்கணும் என்று பெண்கள் காக்காய்க்குச் சோற்று உருண்டை வைப்பதுதான் கணுப்பிடி. முதல் நாள் பானையில் கட்டின மஞ்சள் குலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிழங்கும் இலையும் மறுநாள் வேண்டும். விடிந்ததும், குளிக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பச்சை மஞ்சளைக் கல்லில் உரசி, வீட்டுப் பெரியவர்களிடம் நெற்றியில் கீறிக்கொள்ள வேண்டும். அப்புறம் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ கோலம் போட்டு, இலையைக் கழுவித் துடைத்துப் பரப்பி, கிழக்கு பார்த்துப் பிடி வைக்கணும். மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம் என நாலு வகை. வகைக்கு 5 அல்லது 7 உருண்டை, நெல்லிக்காய் அளவு. நாலு பேர் வைக்கிற வீட்டுக்கு 400 கிராம் பச்சரிசி தாராளம். வெற்றிலை, பாக்கு, பழம், கரும்புத் துண்டும் இலையில் சேரும். “காக்காப்பிடி வச்சேன், கணுப்பிடி வச்சேன், காக்காக் கூட்டம் கலைஞ்சாலும் எங்க கூட்டம் கலையக் கூடாது” என்று சொல்லி வைத்த பிறகுதான் தலைக்குக் குளியல். மத்தியானம் சித்ரான்னங்களும் அவியலும்.

முதல் நாள் சாதம் ராத்திரியில் விறைத்துப் போகும், அப்படியே பிடித்தால் உதிரும். வெந்நீர் தெளித்து மூடி, பத்து நிமிஷம் கழித்துப் பிசையுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மேலே கொழகொழ, உள்ளே விறைப்பு. சர்க்கரைப் பொங்கலில் மறுநாளுக்கு வேண்டியதைத் தேங்காய்ப்பூ போடும் முன்னே தனியே எடுத்துவிடுங்கள். தேங்காய்தான் முதலில் ஊசும்.

பறக்கை சித்தி:
சிவப்புச் சாதம் பற்றி ஒன்று. கடைக் குங்குமத்தைப் பிசையாதீங்க. பாதிக்கு மேல் சாயம், தின்னப்போவது பறவை. மஞ்சள் தூளோடு சுண்ணாம்பு சேர்த்தால் தானாகச் சிவக்கும், ஆரத்திக்குக் கரைக்கிறோமே அதே வேலை. ஒரு கிண்ணம் சாதத்துக்கு அரை ஸ்பூன் மஞ்சள், மிளகளவு சுண்ணாம்பு. கூடினால் காரம் காக்காய் வாயைப் புண்ணாக்கிவிடும். சுண்ணாம்பை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் விடுங்க, கட்டி விழாது.

பலருக்கும் இலையில் வைத்தபிறகு சிவப்பு திட்டுத்திட்டாக மஞ்சளாகிவிடும். பக்கத்தில் தயிர் சாதம் இருப்பதுதான் காரணம். புளிப்புப் பட்டால் மஞ்சள் பழைய நிறத்துக்குத் திரும்பும். தயிர் உருண்டையைக் கடைசி வரிசையில் வைத்து, கை கழுவிவிட்டு அடுத்ததைத் தொடணும். புடவையில் மஞ்சள் கறை பட்டு, சோப்புப் போட்டதும் சிவந்தாலும் இதே சங்கதிதான்; அலசி வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும்.

ஒழுகினசேரி மாடிவீடு:
காக்காய் வரவில்லை என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு புலம்பல் வரும். இருட்டோடு வைத்தால் எலியும் பூனையும்தான் வரும். வெளிச்சம் வந்தபின் வையுங்கள். பளபளக்கும் தட்டு, அலுமினியத் தாள் கண்டால் காக்காய் அண்டாது. இலைக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றாதீர்கள். வைத்தவர் அங்கேயே நின்று போட்டோ எடுத்தால் அது ஏன் இறங்கும்?

தோவாளை அண்ணாச்சி:
அக்காமார் பிடி வைப்பதைச் சொன்னீங்க, அண்ணன் தம்பி கூடப்பிறந்தவள் வீட்டுக்குப் பொங்கலுக்குக் கொண்டுபோகும் சீரான பொங்கல்படியைப் பற்றி நான் சொல்லுதேன். கணுப்பிடி இல்லாத வீடுகளிலும் படி உண்டு. பொதுவாகப் போவது பச்சரிசி 5 கிலோ, வெல்லம் 2 கிலோ, தேங்காய், கரும்பு ஒரு சோடி, இலையோடு மஞ்சள் குலை இரண்டு, காய்கறி, ஒரு பழக்குலை. மார்கழி முடிவதற்குள் தங்கச்சி வீட்டில் சேர்ந்திருக்கணும். பொங்கலன்று காலையில் கொண்டுபோனால் அந்த அரிசி பானையில் விழாது.

வாழைக்குலையில்தான் காசு போகும். ரசகதலி பழுத்ததும் காம்பு விட்டு உதிரும், வண்டியில் போய் இறங்கும்போது பாதி சாக்கில் கிடக்கும். மட்டிப்பழம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பெருமை, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. ஆனால் தோல் மெல்லிசு, கிடத்திக் கொண்டுபோனால் கன்றிப்போகும், தொங்கவிட்டே கொண்டுபோங்க. தூரத்துக்குச் செந்துளுவன் (செவ்வாழை) தாங்கும், விலை கூடுதல். எதுவானாலும் பழுக்கத் தொடங்கும்போதே அனுப்பணும். மஞ்சள் குலையில் கிழங்கு மண்ணோடு இருக்கட்டும். கழுவிக் கட்டிவைத்தால் இலை சீக்கிரம் அழுகும். நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் கடைசி நாள் கூட்டத்தில் வாங்கினால் நுனி ஒடிந்த இலைதான் மிஞ்சும், பிடி வைக்க அது ஆகாது.

தலைப்பொங்கலுக்குப் பித்தளைப் பானை கொடுக்கிறவர்கள், உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியிருக்கா என்று விரலால் தடவிப் பாருங்க. வெறும் பானையை அடுப்பில் ஏற்றக் கூடாதென்று தங்கச்சியிடம் சொல்லியே கொடுக்கணும். ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். தண்ணீரோ பாலோ ஊற்றிய பிறகுதான் தீ.

பறக்கை சித்தி:
அந்தப் பானையில் மறுநாள் தயிர் சாதம் பிசைய வேண்டாம், அண்ணாச்சி சொல்ல மறந்துட்டார். ஈயம் போன இடத்தில் புளிப்புப் பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

வடிவீசுவரம் மாமி:
புருஷனை இழந்தவள் பிடி வைக்கலாமா என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். பழைய வழக்கப்படி சுமங்கலியும் கன்னிப்பெண்ணும் மட்டும்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடி புருஷனுக்காக இல்லை, கூடப்பிறந்தவனுக்காக. அவன் இருக்கிறான், இவளும் இருக்கிறாள், வைக்கட்டும். பிடி வைத்த இலையைச் சாயங்காலம் வரை விடாதீர்கள், எறும்பு மொய்க்கும். மத்தியானத்துக்குள் எடுத்துத் தென்னை மூட்டில் போட்டுவிடலாம்.