பாலியில் ஒரு நாள்: தனி வண்டியில் எதைப் பார்ப்பது?

ஈசூன்வாசி: வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் எழுபதைக் கடந்த அம்மாவுடனும் இரு பிள்ளைகளுடனும் பாலி செல்கிறோம், கூத்தாவில் தங்குகிறோம். ஓட்டுநருடன் தனி வண்டி அமர்த்தினால் தீர்த்த எம்புல் நீரூற்றுக் கோயில், குனுங் காவி, தெகல்லாலாங் படிக்கட்டு நெல்வயல்கள், கிந்தாமணி எரிமலைப் பகுதி ஆகிய நான்கையும் ஒரே நாளில் பார்க்க இயலுமா?

தெம்பனிஸ்காரி: இயலும், ஆனால் அம்மாவுக்காகக் குனுங் காவியைத் தவிர்த்துவிடுங்கள். பாறையில் குடைந்த அந்த 11ஆம் நூற்றாண்டுச் சின்னங்களைக் காண ஏறத்தாழ 300 படிகள் இறங்க வேண்டும். திரும்பி ஏறும்போது என் மாமியார் பாதி வழியில் இளநீர்க் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். தீர்த்த எம்புல்லுக்குக் காலையிலேயே சென்றால், குளத்தடியில் கரிய மணலைக் கிளப்பியபடி ஊற்று குமிழியிடுவதை நெரிசலின்றிப் பார்க்கலாம். நீராடுவதாயின் மாற்றுடை அவசியம். இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாரோங் துணியை அங்கேயே தருவார்கள்.

பழைய பயணி: வயல்களைப் படமெடுப்பதோடு நிறுத்தாமல், நீர்க்கோயில்கள் வழியாக உழவர்கள் தண்ணீரைப் பங்கிடும் சுபாக் முறையைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லி ஓட்டுநரிடம் கேளுங்கள், 2012இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற முறை அது. பாலிக்கு வரும் வெளிநாட்டவருக்கான 1,50,000 ரூப்பியா சுற்றுலாக் கட்டணத்தை இணையத்தில் முன்னரே செலுத்திவிடுங்கள்.

ஈசூன்வாசி: மிக்க நன்றி. குனுங் காவியை நீக்கிவிட்டேன்.