சுக்மாவுக்குத் தயாராகும் பிள்ளை: இன்ஹேலர், இருமல் சிரப், ஜாமு, ஊக்கமருந்துச் சோதனை

கெப்போங்_அப்பா:
வணக்கம். மகளுக்கு 16 வயது. 400 மீட்டர் ஓட்டம், மாநில அணியில் சுக்மாவுக்கு (மலேசிய விளையாட்டுப் போட்டி) தயாராகிறாள். ஆஸ்துமாவுக்கு நீல இன்ஹேலர் (சல்பியூட்டமால்) வைத்திருக்கிறாள். சளி பிடித்தால் கிளினிக்கில் சிரப் கொடுக்கிறார்கள். அணியில் சிலர் மூட்டுவலிக்கு ஜாமு (பாரம்பரிய மூலிகை மருந்து) மாத்திரை போடுகிறார்கள். இதில் எது ஆபத்து? சோதனைக்குக் கூப்பிட்டால் என்ன நடக்கும்? இன்னொன்று: அமெரிக்க பேஸ்பாலில் மாட்டினால் 80 ஆட்டம்தான் தடை, ஓட்டக்காரர்களுக்கு 4 வருஷம் என்கிறார்களே, ஒரே குற்றத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்?

பட்டர்வொர்த்_பார்மசி:
அண்ணே, இன்ஹேலர் அளவோடு இருந்தால் பிரச்சினை இல்லை. சல்பியூட்டமாலை உறிஞ்சுவதற்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை (வாடா) வைத்திருக்கும் எல்லை 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம். அதிலும் எந்த 8 மணி நேரத்தை எடுத்தாலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் என்றால், 8 மணி நேரத்தில் 6 அழுத்தம். அதுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை, விதியை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.

சிரப்தான் வில்லங்கம். அதே சல்பியூட்டமால் வாய்வழி போனால் தடை. போட்டி நாளா, வீட்டில் படுத்திருக்கும் நாளா என்று பார்ப்பதில்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான டெர்பியூட்டலின் எந்த வழியில் போனாலும் தடை. இந்தியக் கிரிக்கெட்டில் பிரித்வி ஷா 2019-ல் 8 மாதத் தடை வாங்கியது இருமல் சிரப்பில் வரும் இந்த டெர்பியூட்டலினால்தான். கிளினிக்கில் தரும் பாட்டிலில் பெரும்பாலும் "இருமல் மருந்து" என்று மட்டும்தான் எழுதியிருக்கும். மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு வாங்கி, லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், புரோம்ஹெக்சின் என்றால் கவலை வேண்டாம்.

மூக்கடைப்பு மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருந்தால் அது போட்டிக் காலத்தில் மட்டும் தடை, சிறுநீரில் மில்லிக்கு 150 மைக்ரோகிராம் தாண்டினால். போட்டிக் காலம் என்பது முந்தின நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடும், அதனால் குறைந்தது ஒரு முழு நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

ஜாமு பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி மாத்திரை இரண்டே நாளில் "அற்புதமாக" வேலை செய்கிறது என்றால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் சுகாதார அமைச்சு இந்த மாதிரிப் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மெலிவதற்கான காப்பித்தூளில் அதே போல் சிபுட்ராமின் என்ற பசியடக்கி. போத்தலில் மால் எண் (அமைச்சின் மருந்துப் பதிவு எண்) இருக்கிறதா என்று பார்ப்பது நல்லதுதான், ஆனால் அந்தப் பதிவு விளையாட்டுத் தடைப் பட்டியலைப் பார்த்துத் தருவது இல்லை.

புக்கிட்ஜாலில்_தடகளம்:
சோதனை நாளைப் பற்றி நான் சொல்கிறேன். ஓட்டம் முடிந்ததும் ஒரு அதிகாரி அடையாள அட்டையைக் காட்டி, அறிவிப்பில் கையெழுத்து வாங்குவார். அந்த நிமிஷத்தில் இருந்து பிள்ளை அவர் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும். பரிசளிப்பு, உடல் தளர்த்தல், காயத்துக்குச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் போகலாம், ஆனால் அவர் கூடவே வருவார். "இதோ வந்துடறேன்" என்று தனியாகக் கழிவறைக்குப் போனால் சோதனையைத் தவிர்த்ததாக எழுதிவிடுவார்கள். வேண்டுமென்றே தவிர்த்தாலோ மறுத்தாலோ பொதுவாக 4 வருஷம், அதாவது ஸ்டீராய்டு போட்டவனுக்குச் சமமான தண்டனை.

90 மில்லி சிறுநீர் வேண்டும். சட்டை இடுப்புக்கு மேலே, கால்சட்டை முட்டிக்குக் கீழே, கை முழங்கை வரை திறந்திருக்க, அதே பாலின அதிகாரி நேரடியாகப் பார்ப்பார். 18 வயதுக்குக் கீழ் என்பதால் நீங்களோ பயிற்சியாளரோ உடன் இருக்கலாம், அதைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கவனிப்பது அதிகாரியை, பிள்ளையை அல்ல.

பிறகு முத்திரையிட்ட பெட்டிகளில் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுப்பாள். பெட்டி, ஏ போத்தல், பி போத்தல் மூன்றிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் பி போத்தலில் 30 மில்லி, அப்புறம் ஏ போத்தலில் 60. மிச்சம் இருக்கும் கொஞ்சத்தில் அடர்த்தி பார்ப்பார்கள், 1.005 வேண்டும் (150 மில்லிக்கு மேல் கொடுத்தால் 1.003 போதும்). இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சீக்கிரம் போக வேண்டும் என்று ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், மறுபடி கொடுக்க வேண்டும், அதுவும் நீர்த்தால் இன்னொன்று. நள்ளிரவு வரை உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. மூடி உடையாத பானத்தை மெதுவாகக் குடித்தாலே போதும்.

படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, சத்து மாவு எல்லாவற்றையும் எழுதுங்கள். இன்ஹேலரை மறந்துவிடாதீர்கள். நடைமுறையில் எதிலாவது திருப்தி இல்லை என்றால் கருத்துப் பகுதியில் அங்கேயே எழுத வேண்டும், பிற்பாடு சொன்னால் எடுபடாது.

செந்தூல்_வாசகன்:
80 ஆட்டம் எதிர் 4 வருஷம் கேள்விக்கு வருகிறேன். தடகளம், பூப்பந்து, காற்பந்து, டென்னிஸ், சைக்கிள் எல்லாம் வாடா விதிக்குள் வருபவை. அமெரிக்க லீக்குகள் அதில் கையெழுத்துப் போடவில்லை. அங்கே தண்டனை என்பது முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் மேசையில் பேசி முடிக்கும் ஒப்பந்தம். பேஸ்பாலில் முதல் தடவை 80 ஆட்டம், இரண்டாவது 162, மூன்றாவது நிரந்தரத் தடை. அமெரிக்கக் கால்பந்தில் ஊக்கி என்றால் 2 ஆட்டம், அனபாலிக் ஸ்டீராய்டு என்றால் 6. சங்கம் வலுவாக இருக்கும் இடத்தில் தண்டனை குறைவு, சூட்சுமம் அவ்வளவுதான்.

தொழில்முறைக் குத்துச்சண்டை இன்னும் மோசம். உலகம் முழுக்க ஒரே அமைப்பு என்பது கிடையாது. பெரிய சண்டைகளுக்கு ஒப்பந்தம் போட்டு தனியார் அமைப்பு ஒன்றைச் சோதிக்க வைக்கிறார்கள். அந்தக் காலம் தவிர மற்ற நேரத்தில் பலரைச் சோதிப்பது குறைவு.

சில தடை விளையாட்டைப் பொறுத்தது. இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் ஓட்டக்காரருக்குத் தடை இல்லை, அம்பெய்தலிலும் துப்பாக்கி சுடுதலிலும் தடை. 2008 பெய்ஜிங்கில் வடகொரியாவின் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜோங்-சு, அந்த வகை மருந்தான பிரோப்ரனலாலுக்காக இரண்டு பதக்கத்தையும் இழந்தார்.

சோதனையில் சிக்கவில்லை என்றால் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் 2012-ல் போனது பெரும்பாலும் சக வீரர்களின் சாட்சியத்தால். அதனால்தான் இப்போது ரத்த அளவுகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் உயிரியல் கடவுச்சீட்டு, தினமும் 60 நிமிஷம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு எல்லாம். அப்படி இடம் சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் இருப்பவர் 12 மாதத்தில் மூன்று தடவை சோதனையைத் தவறவிட்டால் ஒரு துளி மருந்து இல்லாமலே தடை.

நம் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் கதை தெரியும்தானே. 2014 கோப்பன்ஹேகன் உலகப் போட்டியில் டெக்ஸாமெத்தசோன். கார்டிசெப்ஸ் (மருந்தாகச் சாப்பிடும் ஒரு வகைப் பூஞ்சை) மாத்திரையின் ஜெலட்டின் உறையில் இருந்து வந்தது என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. அப்படியும் 8 மாதம், வெள்ளிப் பதக்கமும் போச்சு. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நிரூபித்தால் தண்டனை குறையும், பதக்கம் திரும்பாது.

கெப்போங்_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. இரவில் மூச்சு முட்டி கிளினிக்கில் நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் கருவி) வைத்தால்?

பட்டர்வொர்த்_பார்மசி:
நல்ல வேளை கேட்டீர்கள். நெபுலைசரில் ஊற்றும் சல்பியூட்டமால் ஒரு தடவைக்கு 2.5 அல்லது 5 மில்லிகிராம், அதாவது 2500 அல்லது 5000 மைக்ரோகிராம். 1600 எல்லையை ஒரே தடவையில் தாண்டிவிடும். மூச்சு முட்டும்போது விதியை யோசிக்காமல் வையுங்கள். ஆனால் கிளம்பும் முன் நேரம், அளவு, மூச்சு அளவீடு, டாக்டர் கையெழுத்து உள்ள சீட்டை வாங்கி, அன்றே அணி மருத்துவரிடம் கொடுத்து, அடாமாஸுக்கு (மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) அவசரச் சிகிச்சைக்குப் பிற்பாடு கேட்கும் விலக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். தெரிந்தே தேவைப்படும் மருந்து என்றால் போட்டிக்கு 30 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும், நுரையீரல் செயல்திறன் சோதனை அறிக்கையும் இணைக்க வேண்டும். "ஆஸ்துமா உள்ளது" என்று ஒற்றை வரிக் கடிதம் வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.