டி செல் வளர்ப்பில் செலினைட்: 50 நானோமோலாரில் பலன், 5 மைக்ரோமோலாரில் சாவு. ஏன்?

கேள்வி

மனித ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்). மீடியம் ஆர்பிஎம்ஐ 1640, சீரம் 2%. தூண்டுவதற்கு சிடி3, சிடி28 ஆன்டிபாடிகள். செலினியத்தின் உப்பான சோடியம் செலினைட் 50 நானோமோலார் சேர்த்து மூன்று நாள் வளர்த்தபின் தூண்டினால் பெருக்கம் நன்றாக இருக்கிறது. தூண்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் சேர்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. ரத்த பிளாஸ்மாவில் செலினியம் சுமார் 1 மைக்ரோமோலார் இருக்கிறதே என்று அளவைக் கூட்டி 5 மைக்ரோமோலார் வரை போனால் செல்கள் ஒரே நாளில் சாகின்றன, ஆக்ஸிஜனேற்றத்தைக் காட்டும் டிசிஎஃப் சாயத்தின் ஒளிர்வும் ஏறுகிறது. ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்க வேண்டிய பொருளே அதைக் கூட்டுவது எப்படி?

பதில் 1

செலினைட் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் அல்ல. அது ஒரு மூலப்பொருள். செல் அதைச் செலினைடாகக் குறைத்து, செலினியம் கொண்ட அமினோ அமிலமான செலினோசிஸ்டீனாக மாற்றி, யுஜிஏ என்ற மரபுக்குறி (கோடான்) வரும் இடத்தில் புரதத்துக்குள் வைக்கிறது. மனிதரில் இப்படிச் செலினியம் ஏறும் புரதங்களுக்கு 25 ஜீன்கள் உண்டு. காப்பாற்றும் வேலையைச் செய்வது குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் (ஜிபிஎக்ஸ்), தயோரெடாக்சின் ரிடக்டேஸ் போன்ற அந்த என்சைம்கள்தான். செங்கல் வந்து இறங்கிய ஒரு மணி நேரத்தில் சுவர் எழும்பாது. என்சைம் அளவு தேறக் குறைந்தது 2, 3 நாள் முன்வளர்ப்பு வேண்டும்.

5 மைக்ரோமோலாரில் நடப்பது வேறு. வரும் செலினைட்டைப் புரதமாக்கும் வேகம் போதாது. மிச்சம் செல்லின் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பானான குளூட்டாதயோனோடு வினைபுரிந்து செலினைடாகிறது. செலினைடு ஆக்ஸிஜனைத் தொட்டதும் சூப்பர்ஆக்ஸைடு என்ற வினைமிகு ஆக்ஸிஜன் பிறக்கிறது, செலினியம் திரும்பவும் சுற்றுக்குள் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் செல்லின் குளூட்டாதயோனும் அதைப் புதுப்பிக்க உதவும் என்ஏடிபிஎச்சும் கரைகின்றன. ஆகவே ஒளிர்வு ஏறியது உண்மையான ஏற்றமாகவே இருக்கலாம்.

பிளாஸ்மா ஒப்பீடுதான் இங்கே வழிதவறச் செய்தது. 1 மைக்ரோமோலார், அதாவது லிட்டருக்கு 79 மைக்ரோகிராம், தனிச் செலினைட்டாக அங்கே மிதப்பதில்லை. பெரும்பகுதி செலினோபுரதம் பி, ஜிபிஎக்ஸ்3, ஆல்புமினில் செருகிய செலினோமெதியோனின் என்று புரதங்களில் கட்டுண்டு கிடக்கிறது. வளர்ப்பில் 30 முதல் 100 நானோமோலார் போதும்.

பதில் 2

அளவைச் சரியாக வைப்பதிலும் வழுக்கல் உண்டு. நீரற்ற உப்பு என்றால் 17.3 மில்லிகிராமை 10 மில்லி நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். டப்பாவில் பென்டாஹைட்ரேட் என்றிருந்தால் அதே செறிவுக்கு 26.3 மில்லிகிராம். 1000 மடங்கு நீர்த்து 10 மைக்ரோமோலார் ஆக்கி, வளர்ப்பின் ஒவ்வொரு மில்லிக்கும் 5 மைக்ரோலிட்டர் விட்டால் 50 நானோமோலார். தூள் கொடிய நச்சு. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எடை போடக் கூடாது. ஸ்டாக்கை அஸ்கார்பிக் அமிலத்தோடு கலந்து வைக்காதீர்கள். கரைசலில் இலேசாகச் செந்நிறம் தட்டினால் செலினியம் தனிமமாகப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம், அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

மீடியத்தில் இன்சுலின்–டிரான்ஸ்ஃபெரின்–செலினியம் கலவை சேர்க்கிறீர்களா? அதிலேயே மில்லிக்கு 5 முதல் 7 நானோகிராம் செலினைட், அதாவது ஏறத்தாழ 30–40 நானோமோலார், வந்துவிடும். அப்புறம் 'செலினியம் இல்லாத' கன்ட்ரோல் என்று ஒன்று இருக்காது. சீரமும் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். ஒரே தொகுப்பை முழுச் சோதனைக்கும் ஒதுக்குங்கள்.

டிசிஎஃப்பை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். அந்தச் சாயம் ஹைட்ரஜன் பெராக்ஸைடோடு நேராக வினைபுரிவதில்லை. இரும்போ பெராக்ஸிடேஸோ நடுவில் வேண்டும். விளக்கொளியிலேயே ஆக்ஸிஜனேறும். சீரத்திலுள்ள எஸ்டரேஸ் செல்லுக்கு வெளியிலேயே அதை உடைத்துவிடும், ஆகவே சீரமில்லாத மீடியத்தில், இருட்டில் ஏற்றுங்கள். லிப்பிட் (கொழுப்பு) பெராக்ஸைடுக்கு சி11-போடிப்பி சாயம் 1–2 மைக்ரோமோலார், 30 நிமிடம், 37 டிகிரி. சிவப்பு, பச்சை இரண்டையும் அளந்து விகிதமாகப் பாருங்கள். பச்சையை மட்டும் பார்த்தால் சாயம் கூடுதலாக ஏறிய செல்லும் ஆக்ஸிஜனேறியதுபோலத் தெரியும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. கலவை சேர்க்கவில்லை. ஆனால் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் 50 மைக்ரோமோலார் இருக்கிறது. அது குழப்புமா? இன்னொன்று: புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஜிபிஎக்ஸ்1 பட்டை நன்றாகக் குறைந்தால் செல்லில் செலினியப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 3

குழப்பும், அதுவும் இரு பக்கமும். சிஸ்டீன் உள்ளே போவதைக் கூட்டி, குளூட்டாதயோனை உயர்த்தி, பற்றாக்குறையின் பாதிப்பை மூடிமறைக்கும். இன்னொரு பக்கம், வெளியிலுள்ள இந்தத் தயோல் (கந்தகச் சேர்மம்) செலினைட்டைச் செல்லுக்குள் வேகமாகத் தள்ளும்; உங்கள் 5 மைக்ரோமோலார் அதனால் இன்னும் கடுமையாகியிருக்கும். மனித டி செல்லுக்கு அது இல்லாமலும் ஓட்டலாம். ஒரு வரிசை அப்படி வையுங்கள்.

ஜிபிஎக்ஸ்1 குறைந்தால் செலினியம் குறைகிறது என்று சொல்லலாம், செல் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. தட்டுப்பாடு வந்தால் செல் ஜிபிஎக்ஸ்1-ஐ முதலில் கைவிடும், ஜிபிஎக்ஸ்4-ஐக் கடைசிவரை பிடித்துவைத்திருக்கும். டி செல்லின் உயிர் ஜிபிஎக்ஸ்4-இல்தான் இருக்கிறது. எலியின் டி செல்களில் அதை நீக்கியபோது சவ்வில் லிப்பிட் பெராக்ஸைடு குவிந்து, செல்கள் ஃபெரோப்டோசிஸில் (லிப்பிட் பெராக்ஸைடால் வரும் செல் சாவு) மடிந்தன. லிஷ்மேனியா ஒட்டுண்ணித் தொற்றை எலிகளால் எதிர்க்க முடியவில்லை. தீவனத்தில் வைட்டமின் ஈ உயர்த்தியதும் செல்கள் மீண்டன. சீரத்து வைட்டமின் ஈயும் உங்கள் முடிவை மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். செலினியம் குறைந்த வரிசையில் ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 என்ற பொருளை 1 மைக்ரோமோலார் கொடுத்துப் பாருங்கள். செல் பிழைத்தால் சாவு அந்த வழியில் வந்தது.

டிசிஎஃப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதை மட்டும் குறிக்கோளாக வைக்காதீர்கள். ஏற்பி தூண்டப்பட்டதும் மைட்டோகாண்ட்ரியாவில் எழும் சிறிதளவு ஆக்ஸிஜன் வினைபொருள் இல்லாவிட்டால் ஜீன்களை இயக்கும் என்ஃபேட் புரதம் சரியாக இயங்காது, பெருக்கத்தைத் தூண்டும் ஐஎல்-2 வராது. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பானான என்-அசிட்டைல்சிஸ்டீனைத் தாராளமாக ஊற்றிய கிண்ணங்களில் செல் உயிரோடு இருந்தும் பெருகாமல் நிற்பது இதனால்தான். ஆகவே உயிர்ப்பு விகிதத்தோடு ஐஎல்-2 அளவையும் 24 மணி நேரத்தில் எடுங்கள்.