ஸெரிஸ்கேப்: தமிழில் என்ன எழுதுவது? (வெள்ளிக்குள் வேண்டும்)

செந்தூல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி வாசலில் புல்தரையை எடுத்துவிட்டு, அதிகம் தண்ணீர் கேட்காத செடிகளை வைத்திருக்கிறோம்: காகிதப்பூ, கற்றாழை, நித்தியகல்யாணி, ஓரத்தில் செராய் (எலுமிச்சைப்புல்). இப்படிப்பட்ட தோட்டத்தைத்தான் ஆங்கிலத்தில் ஸெரிஸ்கேப் என்கிறார்கள். பலகையில் மலாய் வரி தயார், தமிழ் வரிதான் காலி. 'வறட்சித் தோட்டம்' போதுமா?

ஜெலுத்தோங்:
வேண்டாம் டீச்சர். நம் மலேசியாவில் தோட்டம் என்றால் பால்மரத் (ரப்பர்) தோட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். கம்பெனி கைவிட்ட எஸ்டேட் என்று நினைப்பார்கள். ஸெரிஸ்கேப் என்ற மூலச்சொல் 1981இல் அமெரிக்காவின் டென்வர் தண்ணீர் வாரியத்தில் பிறந்தது. 'ஸெரோஸ்' என்றால் கிரேக்கத்தில் உலர்ந்தது. ஆகவே 'வறள்பூங்கா'. சுருக்கமான வினைத்தொகை.

பிரிக்பீல்ட்ஸ்:
வறண்ட, வறள்கின்ற, வறளும் பூங்கா! முக்காலமும் காய்ந்தே கிடக்க அந்தச் செடிகள் என்ன பாவம் செய்தன? 'பாலைப்பூங்கா' என்போம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை. மழை வந்தால் பழையபடி ஆகிவிடும். பினாங்கு ஜனவரி, பிப்ரவரியில் அப்படித்தானே? இன்னொன்று: மலாய்க்காரர் 'பூலாய்' என்னும் மரம் நம் ஏழிலைப்பாலைதான். பூலாய், பாலை... ஒலியைக் கவனியுங்கள். கீறினால் பால் வடியும், அதனால் பாலை. கடாரம் கொண்ட காலத்திலேயே இந்தச் சொல் கப்பலேறியிருக்க வேண்டும்.

பட்டர்வொர்த்:
ஐயா, கப்பலை நிறுத்துங்கள். ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. விவசாயி வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டோமே: மானாவாரி. வானம் பார்த்த பூமி.

ஜெலுத்தோங்:
மானாவாரி அருமை. வானவாரி என்பதன் திரிபு என்பார்கள், அப்படியே எழுதலாமே.

செந்தூல் ஆசிரியை:
கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே புல்தரையே மானாவாரிதான், யாரும் குழாயைத் திறப்பதில்லை. எங்களுக்குத் தொல்லை தொடர்மழை. நீர் வடியாவிட்டால் கற்றாழை வேர் அழுகிவிடும், அதனால் மணலும் சரளையும் கலந்து மேடு கட்டினோம். தண்ணீர் வெட்டு வரும் வாரத்திலும் செடி வாடக் கூடாது, அவ்வளவுதான். 'குறைநீர்ப் பூங்கா'?

பிரிக்பீல்ட்ஸ்:
குறைநீர் என்றால் தண்ணீரில் குறை என்றும் ஆகும். குறுநீர்?

பட்டர்வொர்த்:
மாணவர்கள் அதைச் சிறுநீர் ஆக்க ஒரு ரிசஸ் போதும்.

செந்தூல் ஆசிரியை:
சரி, 'நீர்ச்சிக்கனப் பூங்கா'. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரியும். மறுப்பு உண்டா?

பட்டர்வொர்த்:
எழுதிவிடுங்கள்.

ஜெலுத்தோங்:
அழகில்லை. கலைச்சொல் மாதிரி இல்லை, தண்ணீர் பில்லோடு வரும் அறிவிப்பு மாதிரி இருக்கிறது. ஆனாலும் சரி.

பிரிக்பீல்ட்ஸ்:
பலகைக்கு ஒப்புக்கொள்கிறேன், நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க ஒப்பமாட்டேன். சிக்கனம் என்பது செலவழிப்பவரின் குணம், செடிக்கு ஏது சிக்கனம்? பாலை பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.