மறு: தூரத்தை 900-ஆல் வகுத்தால் பயண நேரம் வருமா?

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்து, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை 900-ஆல் வகுத்துப் பார்த்தால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தோடு ஒத்துவரவில்லையே என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஒத்துவராதுதான் தம்பி.

சிங்கப்பூர்–நியூயார்க்கையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, அதாவது ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகள். அதனால் நூல் வட துருவத்தை உரசிக்கொண்டு போகும். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. அந்த நூலின் தூரம் சுமார் 15,350 கி.மீ. இணையத்தில் தேடினால் வருவதும் இதுதான்.

ஆனால் சிங்கப்பூரில் கிளம்பும் விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றித்தான் போகிறது. தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். ஏனென்றால் விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். நாம் வகுக்கிற 900 என்பது சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம். பின்காற்று கிடைத்தால் தரைக்கணக்கில் அது 1,100 ஆகும், எதிர்காற்றில் 700 ஆகும். 2020 பிப்ரவரியில், புயல் நேரத்தில், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் போய் இறங்கியது. வழக்கமாக ஆறரை, ஏழு ஆகும். போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்பதற்கும் காரணம் இந்தக் காற்றுதான்.

அப்புறம் அரசியல். 2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்தது சுமார் பதின்மூன்று ஆகிவிட்டது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன!

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30-க்கு ஏறி சிங்கப்பூரில் புதன் காலை 5.10-க்கு இறங்குவதாக இருந்தால், பார்வைக்கு 30 மணி 40 நிமிடம். கோடையில் இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம், அதைக் கழித்தால் 18 மணி 40 நிமிடம். குளிர்காலத்தில் 13 கழிக்க வேண்டும். இதிலும் விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் வாசலுக்கு வந்து நிற்பது எல்லாம் அடக்கம். அதனால் வானில் இருப்பது இன்னும் கொஞ்சம் குறைவு.

நடுவில் விமானம் மாறுபவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம். மொத்த நேரத்தைத் தீர்மானிப்பது காத்திருப்புதான். வயதானவர்களை அனுப்பினால் மாறும் இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள். சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லிவையுங்கள். இரண்டு பயணத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் அந்த இரண்டு மணி நேரமும் போதாது. பெரும்பாலும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டுமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.