புது பெல்ட் மாட்டியும் போகாத கீச்சுச் சத்தம்

காலையில் காரை எடுத்ததும் ‘கீஈஈச்’ என்று ஒரு சத்தம். ஐந்தாறு நொடிதான், அப்புறம் அடங்கிவிடும். எஞ்சினின் சுழற்சியை ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), ஏசி, ஸ்டீயரிங் பம்புக்கெல்லாம் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் ராத்திரி ஈரத்தில் கொஞ்சம் வழுக்குகிறது போல என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். பிறகு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும் கத்த ஆரம்பித்தது. ஏசி போட்டால் இன்னும் அதிகம்.

ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்த வேகத்தில் “பெல்ட் போயிடுச்சு, மாத்திடலாம்” என்றார்கள். மாற்றினோம். பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் அதே சத்தம், புது பெல்ட்டிலேயே. பணம் போனதைவிட, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் தேடவில்லையே என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்துப் பார்த்த மெக்கானிக் ஸ்பானரையே எடுக்கவில்லை. ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்துவந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கையை எட்டவே வைத்துக்கொண்டு பெல்ட்டின் வரிப் பக்கத்தில் லேசாகப் பீய்ச்சினார். சத்தம் சட்டென்று கூடியது. “கூடினா பெல்ட் வழுக்குது, இழுப்பு பத்தலை. கொஞ்சம் அடங்கி மறுபடி வந்தா, ஏதோ ஒரு புல்லி, அதாவது பெல்ட் சுத்தி ஓடுற சக்கரம், நேரா இல்லைன்னு அர்த்தம்” என்றார்.

பிறகு டென்ஷனரைக் காட்டினார். ஸ்பிரிங் வைத்த கை ஒன்று பெல்ட்டை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும் அல்லவா, அந்தக் கை விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. நன்றாக இருக்கும் டென்ஷனர் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) கிட்டத்தட்ட ஆடாமல் நிற்குமாம். எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினார். ஆல்டர்னேட்டர் சத்தமில்லாமல் சுற்றியது. பெல்ட்டை வழிநடத்த மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லியை என்னையே சுற்றச் சொன்னார். விரல் நுனியில் மணல் அரைபடுவது போல ஒரு கரகரப்பு. அது வழுவழுவென்று சுழல உள்ளே இருக்கும் பேரிங் போயிருந்தது. இத்தனை நாள் காதில் கேட்டதை அன்றுதான் கையால் தொட்டேன்.

டென்ஷனர், ஐட்லர் இரண்டையும் மாற்றினோம். அந்தப் புது பெல்ட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. வழுக்கி வழுக்கி அதன் வரிகள் கண்ணாடி போல மழமழவென்று ஆகிவிட்டிருந்தன. முதல் நாளே புல்லிகளைச் சுற்றிப் பார்த்திருந்தால் ஒரு பெல்ட் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட்டில் வெடிப்பு விழுந்ததா என்று பார்த்தாலே போதும். இப்போது வருபவை பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். அவை சுலபத்தில் வெடிக்காது, டயர் மாதிரி தேயும். பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும், ஆனால் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் அகன்று போயிருக்கும்.

*

நான் இன்னொரு கார்க்காரன். மேலே சொன்னவருக்கு வந்ததுபோல எனக்கு வந்தது நீளமான கீச்சு இல்லை. ‘கிச் கிச் கிச்’ என்று குருவி கத்துவது போல விட்டுவிட்டு வரும். வேகம் கூட்டினால் எஞ்சின் சத்தத்தில் மறைந்துவிடும். கடையில் விற்கும் பெல்ட் ஸ்ப்ரே அடித்தேன். இரண்டு நாள் அமைதியாக இருந்தது. அப்புறம் அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி இன்னும் மோசமானது. தயவுசெய்து அதை அடிக்காதீர்கள்.

கடைசியில் பார்த்தால், ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியபோது கொஞ்சம் கோணலாக உட்காரவைத்திருந்தார்கள். பெல்ட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் நூல் பிரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் மெக்கானிக் நேராக ஆல்டர்னேட்டர் போல்ட்டில்தான் கை வைத்தார். சரியாக உட்காரவைத்து வேறு பெல்ட் போட்டதும் சத்தம் நின்றது.

*

நான் மூன்றாவது ஆள். என் காரிலும் பெல்ட் சத்தத்தைக் கேட்டும் ஒரு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் நடுவழியில் ‘டப்’ என்று ஒரு சத்தம், பெல்ட் அறுந்துவிட்டது. உடனே பேட்டரி விளக்கு எரிந்தது, ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தானே, போய்விடலாம் என்று தோன்றியது. அதற்குள் வெப்பமானி முள் ஏறத் தொடங்க, ஓரம் கட்டி அணைத்துவிட்டேன். என் வண்டியில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) சுற்றவிடும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. மேலும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எஞ்சினே போயிருக்கும் என்றார் மெக்கானிக்.

பம்பிலிருந்து கூலன்ட் சொட்டுச் சொட்டாகப் பெல்ட்டில் விழுந்துகொண்டிருந்ததாம். அதை அடைக்காமல் பெல்ட் மாட்ட மாட்டேன் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நீங்களே மாற்றுவதாக இருந்தால், பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றி எப்படிப் போகிறது என்று கழற்றுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் பெல்ட் அறுந்து கீழே கிடந்ததால் அந்த வழியைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது.